ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய சொகுசு செடான்: நான்கில் எதை வாங்கலாம்?

புதிதாக வந்தபோது அரைக் கோடி ரூபாயை ஒட்டி விற்ற ஒரு ஜெர்மானியச் செடான், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இன்று ஷோரூமில் நிற்கும் ஒரு சிறிய எஸ்யூவியின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் சற்று அசையாதவர்கள் குறைவு. ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. அதன் இன்ஜெக்டரும் (எரிபொருளைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பாகம்) கியர்பாக்ஸும் இன்றும் அரைக் கோடி ரூபாய் வண்டிக்குரிய விலையில்தான் விற்கின்றன. யானையை வாங்குவது எளிது, கட்டித் தீனி போடுவதுதான் கடினம் என்று பெரியவர்கள் சொல்வது இந்தச் சந்தைக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

தமிழ்நாட்டுப் பழைய வண்டிச் சந்தையில் இந்த விலை வரம்பில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை நான்கு: மெர்சிடிஸ் இ250 சிடிஐ (டபிள்யூ212 தலைமுறை), பிஎம்டபிள்யூ 520டி (எஃப்10), ஆடி ஏ6 2.0 டிடிஐ (சி7), டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட். முதல் மூன்றும் டீசல். நான்காவது பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்தது. கேம்ரியைச் சொகுசு வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. இருந்தாலும் அதை இந்த வரிசையில் சேர்த்திருக்கிறேன். காரணம் பின்னால் விளங்கும்.

நான்கையும் ஒப்பிடும் முன் ஓடோமீட்டரைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. ஒரு வண்டி 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில், மணிக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால், எஞ்சின் வேலை செய்தது 2,800 மணி நேரம். நகர நெரிசலுக்குள் சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து 60,000 மட்டுமே காட்டும் வண்டியின் எஞ்சினோ 4,000 மணி நேரம் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் பாதி, ஏசி முழு வேகத்தில் இயங்க, வண்டி நின்ற இடத்தில் நின்றபடி கழிந்திருக்கும். ஆகவே சேலம், கோயம்புத்தூர் என்று வாரந்தோறும் போய் வந்த தொழிலதிபரின் வண்டி, ஓடோமீட்டரில் இரண்டு மடங்கு எண்ணைக் காட்டினாலும் உள்ளுக்குள் இளமையாக இருக்கக்கூடும். நான் முதலில் கேட்பது, எஞ்சின் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்டது, அதற்கான பில்கள் எங்கே என்பதைத்தான்.

அந்த எண்ணே உண்மைதானா என்பது வேறு கேள்வி. டயலில் தெரியும் எண்ணைக் குறைத்துவிடுவது இன்று சில நிமிட வேலை. ஆனால் இந்த வகை வண்டிகளில் ஓடிய தூரம் டயலில் மட்டும் பதிவாவதில்லை. வேறு சில மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிந்திருக்கும். பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளேகூட ஒரு பதிவு இருக்கிறது. எல்லாப் பெட்டிகளையும் படிக்கும் ஸ்கேனரை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், எங்கே கை வைக்கப்பட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஸ்டீயரிங் தோலின் தேய்மானம், பிரேக் பெடலின் ரப்பர் ஆகியவற்றைப் பார்ப்பதும் நல்லதே. சொந்தக்காரர் ஓட்டுநர் வைத்திருந்தவர் என்றால் பின் இடது இருக்கையையும் பார்க்க வேண்டும். அவர் உட்கார்ந்து வந்தது அங்கேதான்.

இனி வண்டிகளுக்கு வருவோம்.

மெர்சிடிஸ் இ250 சிடிஐயின் உள்ளே இருப்பது ஓஎம்651 என்ற 2,143 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை டர்போ டீசல் எஞ்சின். 204 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் இது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நெடுந்தூரம் உழைக்கும் எஞ்சின் என்று பெயர் எடுத்தது. இருந்தும் அதற்கு மூன்று பலவீனங்கள் உண்டு. முதலாவது, தொடக்க ஆண்டுகளில் பொருத்தப்பட்ட பீசோ வகை இன்ஜெக்டர்கள் பெருமளவில் பழுதாகி, பின்னர் அவற்றுக்குப் பதிலாகச் சோலினாய்டு வகை பொருத்தப்பட்டது. 2011க்கு முந்தைய வண்டியானால் இந்த மாற்றம் நடந்ததா என்று பில்லைப் பார்த்தே நம்ப வேண்டும். இரண்டாவது, வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைவாக இயங்க வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறத்தில், கியர்பாக்ஸ் இருக்கும் பக்கத்தில் அமைந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய முதல் சில நொடிகளில் அங்கிருந்து கலகலவென்ற சத்தம் வந்தால், பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் தளர்ந்து வாயு கசிவது. எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் படிவம் தெரியும். உடனே கவனித்தால் இது சிறிய வேலை. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

இந்த வண்டியின் தொடக்கக் கால வடிவங்களில் ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும், பின்னர் ஏழு வேக 7ஜி-டிரானிக்கும் வந்தன. ஏழு வேகப் பெட்டியில் கட்டுப்பாட்டு மின்பலகை கியர்பாக்ஸின் உள்ளேயே, சூடான ஆயிலில் மூழ்கியபடி இருக்கிறது. அது பழுதானால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். புதிய பலகையை வாங்கி மாட்டுவதோடு வேலை முடியாது, அதை அந்த வண்டிக்கென்று கோடிங் செய்யவும் வேண்டும். சோதனை ஓட்டத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இடிப்பதுபோல் ஓர் உதைப்பு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். 2013இல் முகப்பு மாற்றப்பட்ட பிறகு வந்த இ250 சிடிஐதான் இந்தத் தலைமுறையில் நான் தேடும் வண்டி. அதற்குள் இன்ஜெக்டர் சிக்கல் தீர்ந்துவிட்டிருந்தது.

பிஎம்டபிள்யூ 520டி ஓட்டுபவருக்கான வண்டி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சென்னைக்கு வெளியே, மகேந்திரா சிட்டியில் உள்ள ஆலையில் பாகங்களை இணைத்து உருவாக்கப்பட்ட வண்டி என்பதால் இந்தப் பகுதியில் அதிகமாகக் கிடைக்கிறது. அதன் வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் கிடைக்கிறார்கள். ஆனால் அதன் என்47 டீசல் எஞ்சினின் டைமிங் செயினைப் பற்றி உலகம் முழுவதும் புகார்கள் எழுந்தன. செயின் இங்கும் எஞ்சினின் பின்புறம்தான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முழுவதுமே போய்விடும். அறுவதற்கு முன்பே மாற்றுவதானாலும் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதால், பாகத்தின் விலையைவிடக் கூலியே கூடுதலாக வரும். குறிப்பாக 2011 தொடக்கம் வரை தயாரான எஞ்சின்களில் இந்தச் சிக்கல் அதிகம், பிற்பாடு குறைந்தது. 2014க்குப் பிறகு பி47 என்ற புதிய எஞ்சின் வரத் தொடங்கியது. விற்பவர் சொல்லும் ஆண்டை வைத்து முடிவு செய்யாமல், சேசிஸ் எண்ணைக் கொண்டு உள்ளே இருப்பது எந்த எஞ்சின் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். செயின் மாற்றிய பில்லோடு வரும் 1,50,000 கிலோமீட்டர் வண்டி, மாற்றாத 90,000 கிலோமீட்டர் வண்டியைவிட எனக்கு மதிப்பு மிக்கது. கூடுதல் விலை கேட்டாலும் கொடுப்பேன்.

இதே வண்டியில் இன்னொன்றும் உண்டு. புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் அமைப்பின் கூலரில் கூலன்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால் 2018இல் பிஎம்டபிள்யூ தன் டீசல் வண்டிகளைப் பல நாடுகளில் திரும்ப அழைத்தது. தென் கொரியாவில் வண்டிகள் எரிந்த செய்திகள் அப்போது பரவலாக வந்தன. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை தேவைப்பட்டதா, செய்யப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். கூலன்ட் அடிக்கடி குறைகிறது என்று சொந்தக்காரரின் பில்களில் எழுதியிருந்தால் அதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

520டியின் கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகப் பெட்டி. நான்கு வண்டிகளிலும் எனக்கு மிகவும் பிடித்த இயந்திரப் பாகம் இதுதான். இதன் ஆயில் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று வண்டியின் கையேடு சொல்ல, பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றும்படி சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதே முறை. ஆயில் பேன் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டரும் அதனுள்ளேயே பதிந்தது. எனவே பேனை மொத்தமாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய வண்டியா என்று கேட்டால் விற்பவர்களில் பலர் விழிப்பார்கள். அந்த விழிப்பே உங்களுக்குப் பேரம் பேச ஒரு பிடி.

ஆடி ஏ6இன் கேபின், இந்த மூன்று ஜெர்மானிய வண்டிகளில் இன்றும் மிகக் குறைவாகப் பழசாகத் தெரிவது. எஞ்சினில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் இருப்பதை நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன். பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு என்று ஒரு கெடு இருக்கிறது, வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். செயினுக்கு அப்படிக் கெடு எதுவும் எழுதப்படாததால் அதை யாரும் தொடுவதில்லை. சிக்கல் கியர்பாக்ஸில் இருக்கிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட தொடக்க ஆண்டு 2.0 டிடிஐ வண்டிகளில் இருப்பது மல்டிட்ரானிக் என்ற சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் பெட்டி. ஆயில் மாற்றத்தைத் தவறவிட்ட மல்டிட்ரானிக், நெரிசலில் ஊர்ந்து போகும்போது நடுங்கும். பழுது முற்றினால் செலவு வண்டியின் விலையோடு போட்டியிடும். ஆடி நிறுவனமே அந்தப் பெட்டியைப் பின்னர் கைவிட்டது. 2015இல் முகப்பு மாற்றப்பட்டு, 190 குதிரைத்திறனும் எஸ் டிரானிக் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் கொண்டு வந்த ஏ6ஐ மட்டுமே பரிசீலிக்கலாம் என்பது என் கருத்து. முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இப்போது கேம்ரி. 2013 முதல் கர்நாடகத்தின் பிடதியில் பாகங்களை இணைத்து உருவாக்கப்பட்ட ஹைப்ரிட் இது. டர்போ இல்லை, உயர் அழுத்த டீசல் இன்ஜெக்டர் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ இல்லை. இ-சிவிடி என்று சொல்லப்பட்டாலும் அதற்குள் பெல்ட்டும் இல்லை, மாற்ற வேண்டிய கிளட்சும் இல்லை. கிரகப் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேடுகூட நெடுநாள் வரும். மேலே சொன்ன மூன்று வண்டிகளையும் படுக்க வைக்கும் பாகங்களில் பெரும்பாலானவை இதில் இல்லவே இல்லை. கேம்ரியை இந்த வரிசையில் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

அதன் கேள்விக்குறி பேட்டரி. 34 தொகுதிகளாக அடுக்கப்பட்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, மொத்தம் 244.8 வோல்ட். அதைக் குளிர்விப்பது கேபினுக்குள் இருந்து உறிஞ்சப்படும் காற்று. எனவே வெயிலில் நிறுத்தி வைத்து ஏசி போடாமல் ஓட்டிய வண்டியும், விசிறியின் வாயைத் தூசி அடைத்துக்கொண்ட வண்டியும் பேட்டரியை விரைவில் இழக்கும். ஸ்கேனரில் ஒவ்வொரு தொகுதி இணையின் வோல்ட் அளவையும் பார்த்தபடி ஒரு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது ஏதாவது ஓர் இணை மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகச் சரிந்தால் பேட்டரி முடியும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். பழுதான ஓரிரு தொகுதிகளை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பேட்டரி ரிப்பேர் ஆகிவிட்டது என்று வண்டியைத் தலையில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். பழைய தொகுதிகளுக்கு நடுவே வைத்த புதியது நெடுநாள் தாங்காது; சில மாதங்களில் அடுத்தது போகும். முழுப் பேட்டரியின் விலையை முன்கூட்டியே விசாரித்து, அதைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பார்ப்பதே பாதுகாப்பான கணக்கு. அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிகள் இ20 எரிபொருளை (20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்) மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், எரிபொருள் ஹோஸ்களின் ரப்பரையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

வண்டி எதுவானாலும், பார்க்கப் போகும் நாளில் சிலவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. காலையில் போக வேண்டும், எஞ்சினை முன்னதாக முடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும், போனவுடன் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார், அல்லது நீங்கள் சொன்னதை மதிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிச் சூடான எஞ்சினைக் கேட்டு, சத்தமே இல்லை என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்தார். மறுநாள் விடியற்காலையில் தன் வீட்டு வாசலில் முடுக்கியபோதுதான் செயினின் குரலைக் கேட்டார்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்பது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. கடைசியாகக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகளின் எஞ்சின் கணினி வைத்திருக்கும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காகவே துடைக்கப்பட்டிருக்கிறது. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆயில் கசிவு, முன்பக்கச் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ், பந்து மூட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகள் முதலில் தின்பது இவற்றைத்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 520டியில் ரன்-பிளாட் டயர்கள் (காற்று போன பிறகும் சிறிது தூரம் ஓடக்கூடியவை) என்றால் நான்கையும் மாற்றும் செலவு லேசானதல்ல.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் எத்தனையோ சொகுசு வண்டிகள் நீரில் மூழ்கின. இந்த வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் தரைவிரிப்பின் அடியிலும் டிக்கியிலும் பதுங்கியிருக்கின்றன. 520டியிலும் ஏ6இலும் பேட்டரியே டிக்கியில்தான். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும், சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்தால் சேற்றின் கறை தெரிந்துவிடும். ஸ்டெப்னிக் குழியையும், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும், தரைவிரிப்பின் அடியில் உள்ள நுரையையும் தடவிப் பார்க்க வேண்டும். அந்த நுரை ஈரமாக இருந்து, வெள்ளத்தின் அடையாளம் வேறெங்கும் இல்லையென்றால், பெரும்பாலும் சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்திருக்கும். அது சிறிய பழுதுதான், ஆனால் அந்த ஈரம் எந்தப் பெட்டியை அரித்திருக்கிறது என்பது சிறிய கேள்வி அல்ல.

டெல்லிப் பதிவு வண்டிகளும் இங்கே விற்பனைக்கு வருகின்றன. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றமும் 2018இல் வலியுறுத்திய பிறகு, அங்கே அவற்றின் விலை சரிந்ததுதான் காரணம். விலை வித்தியாசம் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் படிவம் 28இன் கீழ் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி, மறுபதிவுக்கான அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அது நெரிசலில் ஊர்ந்த வண்டியாகவும் இருக்கக்கூடும். நான் உள்ளூர்ப் பதிவையே தேடுவேன். தனி வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு என்பதால், 2014இல் பதிவானதற்கு 2029இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இத்தனையும் தேறிய நான்கு வண்டிகள் ஒரே விலையில் நின்றால் எதைத் தேர்வு செய்வது? வீட்டில் வேறு வண்டி இல்லை, ஊரில் ஜெர்மானிய வண்டிகளைப் பார்க்கும் தனி ஒர்க்ஷாப்பும் இல்லை என்றால் கேம்ரியைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருந்துகொண்டு ஒரு சென்சாருக்காக வண்டியைச் சென்னைக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது சொகுசு ஆகாது. சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊரில், இரண்டாவது வண்டியாக, முக்கியமாகப் பின் இருக்கையில் அமர்ந்து நெடுந்தூரம் போவதற்கென்றால் 2013க்குப் பிந்தைய இ250 சிடிஐ. நீங்களே ஓட்டுபவர், ஓட்டுவதில் ருசி உள்ளவர் என்றால், செயினும் கியர்பாக்ஸ் ஆயிலும் மாற்றிய பில்கள் உள்ள 520டி. பில் இல்லையென்றால் அந்த இரண்டு வேலைகளின் முழுச் செலவையும் விலையில் குறைத்த பிறகே அது இ250க்குச் சமமாகும். ஏ6, 2015க்குப் பிந்தையதாக இருந்தாலும், என் வரிசையில் கடைசிதான். அது மோசமான வண்டி என்பதால் அல்ல, அதே பணத்துக்கு மற்ற மூன்றில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்துவிடுகிறது என்பதால்.

எதை வாங்கினாலும் வண்டி விலையில் நான்கில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டே பேரத்தைத் தொடங்க வேண்டும். மொத்தப் பணத்தையும் விலைக்கே கொடுத்துவிட்டால் முதல் ஆறு மாதத்தில் வரும் வேலைகளை ஒத்திப்போட நேரிடும். இவ்வகை வண்டியில் ஒத்திப்போட்ட வேலை ஒன்று, இரண்டாகத் திரும்பி வரும். நிறுவனச் சர்வீஸ் மையத்துக்கே எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. இசட்எஃப், போஷ், மாலே போன்ற நிறுவனங்கள் வண்டிக் கம்பெனிகளுக்குச் செய்து தரும் பல பாகங்களைத் தங்கள் பெயரிலும் விற்கின்றன. நட்சத்திரமோ நீல வெள்ளை வட்டமோ பொறித்த பெட்டியில் வராததால் விலை கணிசமாகக் குறையும்.

கடைசி வேலை காகிதம். இன்ஷூரன்ஸில் பெரிய கிளெய்ம் எதுவும் போனதா என்று பாலிசி விவரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிடலாம். இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். அதுவும், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களும், இரண்டாவது சாவியும் மேசை மேல் வந்த பிறகே மீதிப் பணத்தை அனுப்ப வேண்டும். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்றால், புதிய சாவிக்கான செலவை அங்கேயே விசாரித்துக் கழித்துக்கொள்ளலாம்.